கமிட்டியில் இருக்கும் அண்ணிக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் நீங்கள் இந்த ஊருக்கே வந்து, பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பியதிலிருந்து இங்கே யாருக்கும் முகம் சரியில்லை. பொய்யாக எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் பெயரை எடுத்தாலே உங்கள் தம்பி எழுந்து போய்விடுகிறார். அதுவும் போக, நாள் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறவள், எனக்கென்று ஒன்று எழுதினால் குடி முழுகிவிடாது.

நீங்கள் வந்ததே பேப்பரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் கமிட்டிக்காரர்கள் வரிசையாக நிற்கிற படம். நீங்கள் ஓரத்தில், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டா" என்று மட்டும் சொன்னார். முடிவு சொல்லும்வரை கமிட்டியில் இருப்பவர்கள் அந்தந்த ஊரில் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று விதியாம், என் ஆபீஸில் ஒருவர் சொன்னார். அதை அத்தையிடம் சொன்னேன். பிறந்த வீட்டிலுமா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். பச்சைக்குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரிகளைப் பாதியாகக் குறைக்கப் போகிறீர்கள், நம் ஊர் ஆஸ்பத்திரிக்கும் அந்த ஆபரேஷன் இனி கிடையாது என்று பேச்சு கிளம்பியதும் ஊரே கொதித்துவிட்டது. உங்கள் தம்பியின் இரும்புக்கடைதான் இப்போது போராட்டக் குழுவின் ஆபீஸ். ஆணி வாங்க வந்தவர்கூட மனுவில் கையெழுத்துப் போடாமல் படி இறங்க முடியாது. விற்பதற்கு வைத்திருந்த சிவப்பு பெயிண்ட் எல்லாம் தட்டி எழுதியே தீர்ந்துவிட்டது.

அவரைச் சும்மா குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அண்ணி. எதிர்க்கடை பேக்கரிக்காரர் அவருடைய சின்ன வயதுச் சிநேகிதர், உங்களுக்கே தெரியும். அவர் மகள் பிறந்தபோது உடம்பெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. டவலில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியது உங்கள் தம்பிதான். குருவி டாக்டர் அன்றைக்கே ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார். வார்டில் நடக்கும்போது குழந்தைகளுக்காக வாயால் குருவிச் சத்தம் எழுப்புவாரே, அவரேதான். அந்தப் பெண் இன்றைக்குக் கடைவாசலில் கயிறு தாண்டிக் குதிக்கிறாள். தலைநகரில் இருக்கும் உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லியிருந்தால் பாதி வழியில் போயிருப்பாள் என்று பேக்கரிக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். அது பொய்யில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சந்தைச் சுவரில் உங்கள் படத்தைப் போட்டு, சொந்த ஊருக்கே உலை வைக்க வந்தவள் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் வேலை என்று தெரியவில்லை. உங்கள் தம்பி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, நகத்தாலேயே சுரண்டிக் கிழித்தார். விரல் நுனியில் ரத்தம். ஏன் என்று கேட்டதற்கு, பசை நல்ல பசை, வராது என்கிறார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. அத்தைக்கு முன்பைவிடக் காது மந்தம்.

ஒரே ஒரு கேள்வி, அண்ணி. நன்றாக நடக்கிற ஒன்றை ஏன் எடுக்கிறீர்கள்? கமிட்டிக்குச் சொல்கிற மாதிரி சொல்லாதீர்கள். எனக்குச் சொல்கிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி மனைவி

* * *

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் கவுண்டரிலேயே பிரித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதியது எனக்குப் புரிந்தது. ஒரு குழந்தையின் இதயம் எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது, அதில் தைப்பதற்குக் கை தினமும் பழகியிருக்க வேண்டும், டாக்டரின் கை மட்டுமல்ல, மயக்கம் கொடுப்பவர், மெஷின் ஓட்டுபவர், பிறகு கண்ணை மூடாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் எல்லோருக்கும் பழகியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பேக்கரிக்காரர் மகள் பிழைத்தது ஊர் கண்ணுக்குத் தெரிகிறது, வேறு இடத்தில் செய்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, அவர்களுக்காகத் தட்டி பிடிக்க ஆளில்லை என்று எழுதிய இடத்தில் நிறுத்தி மறுபடியும் படித்தேன். உங்கள் தம்பியிடம் காட்டினேன். படித்தார். மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அக்காவுக்கு எழுத வரும் என்றார். அதோடு சரி.

அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நம் ஊரில் நிறுத்தலாம் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தீர்கள். தேர்தல் வருகிறதே, மந்திரி அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, யாரும் கவலைப்பட வேண்டாம், எதையும் மூடப் போவதில்லை என்று அறிக்கை விட்டார். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வந்தார்கள். கனமான ஆள், பாவம் தூக்கினவர்கள். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். நான் தபால் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே எனக்கு ஸ்கேன். ஸ்கேன் எடுக்கிற பெண் வழக்கமாக வாய் ஓயாமல் பேசுவாள். அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிட்டாள். வயிற்றின் ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு, சார் வரட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். குருவி டாக்டரே வந்து பார்த்தார்.

பெண் குழந்தை. கை, கால், மூக்கு எல்லாம் சரியாக இருக்கிறதாம். இதயத்திலிருந்து கிளம்புகிற இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாறி இருக்கின்றனவாம். வயிற்றுக்குள் இருக்கும்வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து சொந்தமாக மூச்சு விடத் தொடங்கியதும் பிரச்சினை. பிறந்த சில நாட்களுக்குள் இரண்டையும் வெட்டி இடம் மாற்றித் தைக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தினமும் பார்ப்பவர். எனக்குத்தான் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இருக்கீங்க, எங்களுக்கு என்ன கவலை என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் என் கவுண்டருக்கு வந்தார். தபால் தலை வாங்க வந்ததாகச் சொன்னார். கூட்டம் குறையும்வரை நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த ஆபரேஷன் எனக்குத் தெரியாததில்லம்மா. ஆனா எப்பவாவதுதான் செய்யறேன். என் பேத்தியா இருந்தா, பொறக்கறதுக்கு முன்னாடியே உங்க நாத்தனார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்." போராட்டக் கூட்டத்தில் மேடை ஏறினீர்களே, அங்கே ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தபால் தலைகளை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார். வேலை போய்விடுமோ என்று நிற்கிற தன் வார்டு நர்ஸ்களின் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை என்றார்.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். ஊரையே கூட்டி, நம்ம பிள்ளைகளுக்கு நம்ம ஆஸ்பத்திரி போதும் என்று மைக்கில் கத்தியவன், தன் பிள்ளையை மட்டும் வெளியூருக்குத் தூக்கிக்கொண்டு போனால் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது என்று கேட்டார். பிள்ளையைவிட முகம் பெரிதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண் கலங்கியிருந்ததால் கேட்கவில்லை.

அவரிடம் நீங்கள் பேசுங்கள், அண்ணி. டாக்டராகப் பேசாதீர்கள். சின்ன வயதில் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப் போன அக்காவாகப் பேசுங்கள். அவர் போனை எடுக்காவிட்டால் அத்தை போனுக்குக் கூப்பிடுங்கள், நான் அவர் காதில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும் தம்பி மனைவி

* * *

அன்புள்ள அண்ணிக்கு,

நான் எழுந்து நடமாடுகிறேன். வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். வீட்டில் இரு என்று அத்தை சொன்னார். வீட்டில் தொட்டில் துணி மடித்து வைத்த அலமாரி இருக்கிறது. அதற்குக் கவுண்டரே மேல்.

நீங்கள் ஆம்புலன்ஸோடு வந்து சேர்ந்ததற்கு முன்னாலும், அழுது வீங்கிய முகத்தோடு திரும்பிப் போனதற்குப் பின்னாலும் நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். அவரால் முடியாது.

நீங்கள் போனில் பேசிய பிறகு உங்கள் தம்பி உண்மையிலேயே இறங்கி வந்தார். உங்கள் ஆஸ்பத்திரி பக்கத்தில் நீங்கள் பார்த்து வைத்த அறைக்குப் போக நான் பெட்டியெல்லாம் கட்டிவிட்டேன். புதுப்பித்த வார்டைத் திறக்க மந்திரி வருகிறார், குழுவின் தலைவர் இல்லாவிட்டால் எப்படி, அது முடிந்த கையோடு கிளம்பிவிடலாம் என்றார். நாள் இருக்கிறதே என்று நானும் ஒத்துக்கொண்டேன். மந்திரி தேதியைத் தள்ளிப் போட்டார். மறுபடியும் தள்ளினார். நான் தனியாகவே பஸ் ஏறியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைக்கிறேன்.

திறப்பு விழா அன்று காலை எனக்கு வலி எடுத்தது. மாதம் நிறையவில்லை. மேலே வார்டில் நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள், கீழே அவள் பிறந்துவிட்டாள். அழுதாள், அண்ணி. நல்ல குரல். ஒரு நிமிடம் என் மார்மேல் போட்டார்கள். அப்போதே நகமெல்லாம் நாவல்பழ நிறம். உங்களுக்கு உடனே சொல்லச் சொன்னது உங்கள் தம்பிதான். அவரே பேசினார். அதுவரை நீங்கள் பேசக் கேட்டாரே தவிர, தான் பேசாதிருந்தவர், எடுத்த எடுப்பில் "அக்கா, வா" என்றார். அது உங்கள் காதிலும் இருக்கும்.

நீங்கள் வந்துகொண்டிருந்தபோது மருந்து ஏற்றினார்கள். தொடைவழியாகக் குழாய் விட்டு ஏதோ செய்து பார்த்தார்கள். நிறம் திரும்பவில்லை. ஆம்புலன்ஸ் வந்தாலும் இவளை ரோட்டில் கொண்டு போக முடியாது, இங்கேயே திறந்தாக வேண்டும் என்று குருவி டாக்டர் சொன்னார். கையெழுத்துப் போடும்போது உங்கள் தம்பியின் பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது. நீங்கள் வந்து சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. நடைவழி பெஞ்சில் அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது நானே பார்த்தேன், அவர் உங்கள் ஃபைலைத் தன் மடியில் வைத்திருந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

ஆபரேஷன் முடிந்தது. தையலெல்லாம் சரி என்றார்கள். இதயம்தான் மெஷினை விட்டுத் தானாக ஓட மறுத்துவிட்டது. மறுநாள் மத்தியானம் வரை இருந்தாள். பெயர் யோசித்து வைத்திருந்தோம். இனி யாரிடமும் சொல்வதாக இல்லை.

நீங்கள் போன பிறகு குருவி டாக்டர் வீட்டுக்கு வந்தார். அவரை உட்காரச் சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னார்: "பெரிய இடத்துல செஞ்சிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். ரெண்டையும் நான் உங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்." உங்கள் தம்பி எழுந்து போய் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

பால் கட்டிக்கொண்டு ஒரு வாரம் காய்ச்சல். அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். வேலைக்குப் போன முதல் நாள் ஒரு அம்மாள் பார்சல் ஒன்றை எடை மெஷினில் வைத்தார். ஏதோ புத்தகக் கட்டு. எடுத்து ஓரம் வைக்கக் கையைக் கொடுத்தேன். அந்தக் கனம் கைக்குத் தெரிந்த கனமாக இருந்தது. அந்த அம்மாள், ஏம்மா, எடை அதிகமா காட்டுதா என்று கேட்டார். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று ரசீது போட்டேன்.

தேர்தல் முடிந்து, கமிட்டியின் அறிக்கையை மறுபடி எடுத்திருக்கிறார்கள் அல்லவா. போன ஞாயிறு ஆஸ்பத்திரிக்கு எதிரே மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். உங்கள் தம்பியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தாடியோடு போனார். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருவன் வந்து தட்டிப் பார்த்தான். பிறகு சொன்னார்: "அந்த ஆபரேஷன் இங்க இருக்கணும்னு எல்லாரையும் கூட்டினவன் நான்தான். இனிமே நான் கூப்பிட மாட்டேன். எங்க பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணினவரு கெட்டவர் இல்ல. அவரை மாதிரி நாலஞ்சு பேரு ஒரே இடத்துல இருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அக்கா சொல்லிக் கொடுத்ததா என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் படி இறங்கினார். பேக்கரிக்காரர் எழுந்து தன் மகளைத் தூக்கி மேடையில் நிறுத்தினார். சட்டைக் கழுத்தை இறக்கி நெஞ்சில் இருக்கிற தழும்பைக் காட்டி, அந்த ரோட்டில் போயிருந்தால் இவள் இல்லை, இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள் என்றார். அந்தப் பெண் கூச்சத்தில் கழுத்தை மூடிக்கொண்டே நின்றாள். இப்போது இரண்டு கடைக்காரர்களும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. நான் மட்டும் அந்தப் பக்கம் போய் ரொட்டி வாங்குகிறேன். அவர் சில்லறையை என் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. அவர் சொல்வதும் உண்மை, உங்கள் தம்பி சொன்னதும் உண்மை. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன். நீங்கள் கமிட்டியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டீர்களாமே. சொந்த வீட்டுச் சாவு நடந்த பிறகு நடுநிலையாக இருக்க முடியாது என்று அத்தையிடம் போனில் சொன்னீர்களாம். அத்தைக்குப் பாதிதான் காதில் விழுந்தது, மீதியை நான் புரிந்துகொண்டேன்.

அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணி. கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் அந்த நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த ஆபரேஷனை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வையுங்கள். நம் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள், இந்த முறை யாராவது எங்கள் சுவரில் ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். எங்கள் மாதிரி ஊர்களில் டாக்டரோடு ஒரு வண்டி தயாராக நிற்க வேண்டும், தலைநகரிலிருந்து கிளம்பி வரக்கூடாது. முன்கூட்டியே வருகிற தாய்க்குத் தங்க இடமும் கூட ஒருவருக்குச் சாப்பாடும் கேட்காமலே கிடைக்க வேண்டும், நாத்தனார் டாக்டராக இருந்தால்தான் கிடைக்கும் என்று இருக்கக்கூடாது. போகிற தேதியை டாக்டர் சொல்ல வேண்டும், புருஷன் சொல்லக்கூடாது. இதையெல்லாம் சட்டமாக எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதுங்கள்.

உங்கள் தம்பி எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேள் என்றார். பதிலை அவர் பெயருக்கே எழுதுங்கள்.

சாப்பிடாமல் இருக்காதீர்கள். இனி உங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம், எந்த ஊர்ப் பிள்ளைகளாக இருந்தாலும், அம்மா மடியில் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி